இரவு வெப்பமும் கள்ளிப் பயிரும்: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

சப்பாத்திக்கள்ளியையும் டிராகன் பழத்தையும் வறண்ட மாவட்டங்களுக்குப் பரிந்துரைக்கும் எழுத்துகளில் ஓர் அனுமானம் கேள்வியின்றித் தொடர்ந்து வருகிறது. கள்ளி வெயிலுக்கென்றே பிறந்த செடி, ஆகவே வெயில் கூடிய ஊரில் செழிக்கும் என்பது அது. திண்டுக்கல் சமவெளிக்கு இந்த அனுமானம் பொருந்தவில்லை. சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடையே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் கிடக்கும் இந்நிலத்தில், பகலின் உச்ச வெப்பத்தைவிட இரவில் தணியாத காற்றே கள்ளியின் வளர்ச்சியைக் கட்டிப்போடுகிறது என்று கருத வலுவான காரணங்கள் உள்ளன.

ஒரு காலத்தில் தென்மாவட்டப் புறம்போக்குகளில் நாகதாளிக் கள்ளி மண்டிக் கிடந்ததை எதிர்ச்சான்றாகக் காட்டுவர். 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட கொச்சினீல் பூச்சிதான் அதை ஒடுக்கியது, தட்பவெப்பம் ஒடுக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் உடைந்து விழுந்த மட்டை வேர்பிடித்துப் பரவுவது வேறு, வயலில் ஆண்டுதோறும் விளைச்சல் தருவது வேறு. போதாக்குறைக்கு, இன்று பயிராகப் பேசப்படும் சப்பாத்திக்கள்ளியான ஒபன்ஷியா ஃபைக்கஸ்-இண்டிகாவும் அந்த நாகதாளியும் ஒரே இனம் அல்ல. இந்தச் சான்றுக்கு இதற்குமேல் இடம் தர வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் தாவர உடலியக்க ஆய்வாளர் பார்க் நோபலின் ஆய்வு முடிவுகளை வாசிக்கும் முறையில் இருக்கிறது. வெப்பத்துக்குப் பழக்கப்பட்ட சப்பாத்திக்கள்ளி மட்டைகள் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தையும் ஒரு மணி நேரம் தாங்கி உயிர்பிழைத்தன என்ற அவரது முடிவு ஓயாமல் எடுத்தாளப்படுகிறது. அதே ஆய்வாளர் அதே செடியில் கண்ட இன்னொன்று அரிதாகவே பேசப்படுகிறது: ஒரு நாள் முழுவதிலும் செடி ஏற்கும் கரியமில வாயு, பகலில் 25, இரவில் 15 டிகிரி என்ற நிலையை ஒட்டியே உச்சம் அடைந்தது. முதல் எண் சாகாமல் இருப்பதன் எல்லையைச் சொல்கிறது. இரண்டாவது எண் வளர்வதன் அளவைச் சொல்கிறது. பயிர்செய்பவருக்கு வேண்டியது இரண்டாவது. முதல் எண்ணைக் கொண்டு விளைச்சலைக் கணிப்பது பிழையான வாசிப்பு என்றே சொல்வேன். காரணம் செடியின் உடலியக்கத்திலேயே இருக்கிறது. கள்ளி இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்குகிறது. அதை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு சர்க்கரையாக்குகிறது. தென்னிந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், இதே முறையில் இயங்கும் ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் சுவையற்றுப் போவதையும் கண்டு எழுதியது 1815லேயே அச்சில் வந்துவிட்டது. இரவுக் காற்று சூடாக இருந்தால் சுவாசத்தில் கரி வீணாகிறது, சேமித்த அமிலம் நிலைப்பதில்லை, காற்றின் வறட்சி கூடித் துளைகளும் சுருங்குகின்றன. திண்டுக்கல்லில் மே மாதப் பகல் 37, 38 டிகிரியைத் தொடுவது வழக்கம். விடியற்காலையிலும் வெப்பம் 25க்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. நோபல் கண்ட உச்சநிலையிலிருந்து ஏறத்தாழ பகல் விலகும் அளவுக்கு இரவும் விலகி நிற்கிறது. செடி வாயில் திறப்பது இரவில் என்பதால், இந்த இரண்டாவது விலகலே அதிகம் உறுத்துகிறது.

டிராகன் பழத்துக்குக் கணக்கு சற்று மாறும். அதன் கரியமில வாயு ஏற்பு பகலில் 30, இரவில் 20 டிகிரியில் சிறந்திருந்தது. 45க்கு 35 என்ற நிலையில் தண்டு பழுதுபட்டது. திண்டுக்கல்லின் மார்கழியும் தையும் ஏறத்தாழ இந்த 30/20தான். வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் அப்போது மண்ணில் இருக்கிறது. இச்சமவெளியில் தண்டு வளரும் காலம் கோடை என்று கொள்வதைவிட ஐப்பசி முதல் மாசி வரை என்று கொள்வதே சான்றுகளோடு ஒத்துப்போகிறது.

வளர்ப்பறையில் தொட்டிச் செடிகளைக் கொண்டு பெற்ற எண்களை வயலுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, செடி புதிய வெப்பத்துக்குப் பழகும்போது உச்சநிலையும் ஓரளவு நகரும். ஆனால் பத்து டிகிரி இரவு வேறுபாட்டைப் பழக்கம் முழுவதும் விழுங்கிவிடும் என்று நம்ப இடமில்லை. மாறாக, வயலில் நிலைமை இன்னும் கடுமை: நண்பகலில் தடித்த மட்டையின் உள்வெப்பம் நிழலில் அளந்த காற்று வெப்பத்தைவிடப் பல டிகிரி கூடும். டிராகன் பழம் கோடையிலிருந்து மழைக்காலம் வரை பூத்துக் காய்க்கிறதே என்பது அடுத்த மறுப்பு. பூப்பை முடுக்குவது நீண்ட பகல். அதனால்தான் பருவம் தப்பிக் காய்க்க வைக்க இரவில் விளக்கு எரிக்கிறார்கள். காய்க்கும் மாதமே தண்டு வளரும் மாதமாகவும் இருக்க வேண்டியதில்லை.

ஆகவே இப்பகுதியில் நடவை மழைக்கு முன்பே முடிப்பதும், கோடையில் வளர்ச்சியை எதிர்பார்த்து நீரைக் கொட்டாமல் செடியைக் காக்கும் அளவுக்கு மட்டும் விடுவதும், மேற்கு வெயிலுக்கு நிழல்வலை கட்டுவதும் பொருந்தும். வயலிலேயே இதைச் சோதித்துவிடலாம். அந்திக்கும் விடியலுக்கும் ஒரே செடியின் மட்டைச் சாற்றை எடுத்து, அமிலத்தைத் தரம்பார்த்து, அந்த இரவின் குறைந்த வெப்பத்தோடு பக்கத்தில் குறித்துவர வேண்டும். சித்திரை இரவில் அமிலம் ஏறும் அளவு தை இரவில் ஏறும் அளவுக்குச் சமமாக வந்தால் இங்கே முன்வைத்த வாதம் விழும். ஒட்டன்சத்திரம், வேடசந்தூர்ப் பகுதித் தோட்டங்களில் ஓராண்டு அளந்தாலே விடை கிடைத்துவிடும்.