மலாயாவிலிருந்து மீண்டவர்கள்

உத்தியோகத்தை விட்டு நீங்கியவரைத் தமிழகத்தார் ஓய்வு பெற்றவர் என்பர். ஈழத்துத் தமிழர் இளைப்பாறியவர் என்பர். இரண்டு சொற்களும் ஒரு பொருளையே உணர்த்துவன போலத் தோன்றினும், அவற்றிடையே நுண்ணிய வேறுபாடு ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தின் பழைய தெருக்களின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டிருந்தன. தலையிற் பாரத்தோடு சந்தைக்குச் செல்பவர், பிறர் உதவியின்றியே அக்கல்லின்மேற் சுமையை இறக்கி, அண்மையிலுள்ள மடத்திலோ மரநிழலிலோ சிறிது இருந்து, மறுபடியும் சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடப்பர். அதுவே இளைப்பாறுதல். வழி முடிந்துவிட்டது என்பது அதன் பொருளன்று.

இந்தச் சொல்லின் முழுப் பொருளையும் தம் வாழ்க்கையிற் கண்டவர்கள் என ஒரு கூட்டத்தாரைக் குறிப்பிடலாம். மலாயா நாட்டில் இளமையைச் செலவிட்டு, முதுமையில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களுக்கு மீண்டு வந்த உத்தியோகத்தர்களே அவர்கள். ஊரவர் அவர்களை மலாயாப் பென்சனியர் என்று அழைத்தனர்.

பழைய யாழ்ப்பாணத்தில் இளைப்பாறிய வாழ்வு என ஒன்று தனியாக இருந்ததில்லை. கமக்காரன் கை கால் வழங்கும்வரை தோட்டத்திற் பாடுபட்டான். வலிமை குன்றியபின் பிள்ளைகளின் பராமரிப்பில் வாழ்ந்தான். கைவினைஞர் நிலையும் அதுவே. குறித்த வயதில் வேலையினின்றும் நீங்குதலும், அதன்பின் இறக்கும்வரை மாதந்தோறும் உபகாரச் சம்பளம் பெறுதலும் ஆங்கிலேய அரசாங்க உத்தியோகத்தோடு வந்த புதுமைகள். உடலிற் பலமும், கையிற் பணமும், செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாத நிலையும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற மனிதன் அதற்கு முன் கிராமத்தில் அரியன். அவன் தன் நாட்களை எவ்வாறு கழிப்பது? முன்னோரிடம் அதற்கு விடை இருக்கவில்லை. ஆதலால் அவ்விடையை அவனே தேடவேண்டியவனானான்.

அவர்கள் கடல் கடந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் ஊர்தோறும் பாடசாலைகளை நிறுவினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கிற்று. சைவப் பெருமக்களும் பின்னர் ஆங்கிலப் பாடசாலைகளை நிறுவினர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890இல் எழுந்தது. கற்ற இளைஞர் பெருகினர். அவர்கட்கேற்ற உத்தியோகங்களோ இலங்கையிற் பெருகவில்லை. ஆறில்லாத, நிலப்பரப்புக் குறுகிய நாட்டில் தகப்பனின் தோட்டத்தைப் பங்கிட்டுப் பிழைப்பதும் எளிதாயில்லை.

அதே காலத்தில் மலாய் நாடுகளில் ஆங்கிலேயர் ஆதிக்கம் பரவியது. 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப்பின் பேராக், சிலாங்கூர் முதலிய இடங்களில் நிருவாகம் விரிந்தது. ஈயச் சுரங்கங்களிலிருந்து துறைமுகத்துக்குப் புகையிரதப் பாதைகள் வேண்டப்பட்டன. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஏறத்தாழ 8 மைல் நீளமுள்ள முதற் பாதை திறக்கப்பட்டது. அதனை அமைக்கும் வேலையில் இலங்கையிலிருந்து சென்ற தொழிற்படையினரும் பங்குகொண்டனர். மறுவருடம் கோலாலம்பூரையும் கிள்ளான் பகுதியையும் இணைக்கும் பாதை எழுந்தது. இலங்கைப் பொதுவேலைப் பகுதியிற் பணியாற்றிய ஸ்பூனர் என்னும் பொறியியலாளர் மலாயாவுக்குச் சென்று, பின்னர் புகையிரதப் பகுதியின் தலைமையை ஏற்றார். அத்தகைய அதிகாரிகள் யாழ்ப்பாணத்து இலிகிதர்களின் ஆங்கில அறிவையும் கணக்குத் திறமையையும் இலங்கையிலேயே அறிந்திருந்தனர். ஒருவர் சென்றார், தம்பியை அழைத்தார், தம்பி மைத்துனனை அழைத்தான். தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர், சிரம்பான் என்னும் ஊர்ப்பெயர்கள் யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் அயலூர்ப் பெயர்களைப்போல வழங்கலாயின. நிலைய அதிபராயும், தந்தி உத்தியோகத்தராயும், நில அளவைப் பகுதியிலும் வைத்தியசாலைகளிலும் பணியாளராயும் அவர்கள் 25, 30 வருடங்களைக் கழித்தனர்.

மலாயா வெள்ளியின் மதிப்பும் அவர்களை ஈர்த்தது. 1906இல் அந்த வெள்ளி 2 சிலிங் 4 பென்ஸ் என நிலைப்படுத்தப்பட்டது. இலங்கை ரூபாவோ அந்நாளில் 1 சிலிங் 4 பென்ஸ் பெறுமதியுடையது. எனவே ஒரு வெள்ளி 1 ரூபா 75 சதத்துக்குச் சமமாயிற்று. மாதம் 60 வெள்ளி உபகாரச் சம்பளம் பெறும் ஒருவர் இருந்தால், அது அவர் கிராமத்தில் 105 ரூபாவாகும். சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுசென்று சதக் கணக்கில் விற்றுவந்த அயலவர்களிடையே அது பெருஞ் செல்வமே.

இனி, இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு. அது வீட்டின் வரலாறு. மனைவியரிற் சிலர் கணவரோடு மலாயாவில் வாழ்ந்தனர். பலர் பிள்ளைகளின் படிப்புக்காகவும், முதியோரைப் பராமரிப்பதற்காகவும் ஊரிலேயே தங்கினர். காசு மாதந்தோறும் வந்தது. கணவரோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுமுறையில் வந்து சென்றார். குத்தகைக்காரனோடு கணக்குப் பார்த்ததும், கிணறு வெட்டுவித்ததும், மழைக்கு முன் வீட்டுக்கூரை வேய்வித்ததும், வேலி அடைப்பித்ததும், பெண்ணுக்கு வரன் பார்த்ததும் மனைவியே. ஆயினும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டத்தின்படி, தன் சீதனக் காணியை விற்பதற்கும் அவளுக்குக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டியிருந்தது. கருமம் அவளுடையது, கையெழுத்து அவனுடையது. அந்தக் கையெழுத்துக் கப்பலேறி வரவேண்டியிருந்தது.

இந்த நிலையிற்றான் கணவர் இளைப்பாறி வீடு மீண்டார். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை பூர்த்தியானபின் அவர் கொழும்பிலிருந்து வண்டியேறி, தம் ஊருக்கு அண்மையிலுள்ள நிலையத்தில் இறங்கினார். பெட்டிகள் மாட்டுவண்டியில் ஏறின. வீட்டு வாயிலில் பூரணகும்பம் வைத்து வரவேற்பு நடந்தது. ஆயின், விருந்து முடிந்த சில வாரங்களில் ஓர் உண்மை வெளிப்பட்டது. அவ்வீட்டுக்கு அவர் தலைவர். எனினும் அங்குள்ளவற்றை அறியாதவர். எந்தக் காணியின் எல்லை எங்கே, எந்த உறவினரோடு பேச்சுண்டு, எவரோடில்லை என்பனவெல்லாம் மனைவியைக் கேட்டே அறியவேண்டியிருந்தது. மணி பார்த்து வண்டியை அனுப்பிய பழக்கம் அவரை விடவில்லை. வீட்டிலே உணவும் நீராட்டும் மணிப்படி நடக்கவேண்டுமென விரும்பினார். மகனுக்கோ தந்தை ஒரு புகைப்படமாகவே அதுவரை இருந்தவர். அவர் அதிகாரம் செலுத்த முற்பட்ட வீடுகளிற் கசப்பு வளர்ந்தது. மனைவியிடம் மாணவனைப் போலக் கேட்டறிந்த வீடுகளில் இரண்டாம் இல்லறம் ஒன்று மலர்ந்தது. இளைப்பாறியவர் கற்கவேண்டியிருந்த முதற்பாடம் இதுவே.

அடுத்து அவர்கள் வீடு கட்டினர். பனையோலையால் வேய்ந்த வீடு இருந்த வளவிற் சுண்ணாம்புச் சாந்தும் ஓடும் கொண்ட கல்வீடு எழுந்தது. கிடுகு வேலி இருந்த இடத்தில் மதில் வந்தது. சிலர் பழைய நாற்சார் அமைப்பைக் கைக்கொண்டனர். சிலர் மலாயாவில் தாம் கண்ட பங்களாக்களைப் பின்பற்றி முன்விறாந்தை அமைத்தனர். அந்த விறாந்தையிலே சாய்மனைக் கதிரை இடம்பெற்றது. அக்கதிரையிலேயே எஞ்சிய ஆயுளைக் கழித்தவர்களும் உண்டு. அவர்களைப்பற்றி வரலாறு கூறுவதற்கு அதிகம் இல்லை.

எழுந்து நடந்தவர்களைப்பற்றியே கூறவேண்டும். சிலர் தோட்டத்தை நாடினர். பேனா பிடித்த கை மண்வெட்டியைப் பிடிப்பது எளிதன்று. செம்பாட்டு மண்ணிற் குழை தாழ்க்கும் பருவத்தையும், துலா மிதித்துப் பட்டையால் இறைக்கும் நீரை வாய்க்காலிற் பாத்தி பாத்தியாகத் திருப்பும் முறையையும் அவர்கள் பக்கத்துத் தோட்டக்காரரிடம் பயின்றனர். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரை ஆசிரியராகக் கொள்ளும் பணிவு அங்கே பிறந்தது. மலாயாவின் றம்புட்டானை நட்டு வளர்க்க விரும்பியவர், ஈரமற்ற சுண்ணக்கல் நிலம் அதற்கு இசையாது என்பதையும் அறிந்துகொண்டார். வாழையும் மாவும் பலாவும் அவரை ஏமாற்றவில்லை.

வேறு சிலர் இளமையிற் கைவிட்ட தமிழைத் தேடிச் சென்றனர். ஆவணி ஐப்பசி மாதங்களென்றின்றி, அவ்வக் கோயில் வழக்கப்படி கந்தபுராண படனம் நடைபெறுவது யாழ்ப்பாணத்து மரபு. ஒருவர் பாட்டை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். முப்பது வருடம் ஆங்கிலத்திற் கோவைகள் எழுதியவர், பள்ளிப் பருவத்திற் கேட்ட பாட்டுக்குப் பதம் பிரிக்கத் தெரியாது பின்வரிசையில் அமர்ந்தார். சில ஆண்டுகளிற் பொருளுணர்ந்து கேட்கலானார். சிலர் பயன் சொல்லும் தகுதியையும் அடைந்தனர். முதுமையிற் கல்வி கற்பது நகைப்புக்குரியதன்று என்பதை ஊரின் சிறுவர் கண்டறிய அது வாய்ப்பாயிற்று.

பொதுப்பணியே அவர்களுட் சிறந்தோரின் மூன்றாம் முயற்சி. கணக்கெழுதவும், கூட்டக் குறிப்பு வைக்கவும், அரசாங்கக் கந்தோருக்கு முறைப்படி விண்ணப்பம் அனுப்பவும் அறிந்தவர் கிராமத்திற் சிலரே. அவ்வறிவு பணத்திலும் மேலான முதலாயிற்று. வாசிகசாலைகள் எழுந்தன, மாலையில் ஒருவர் ‘இந்து சாதனம்’ பத்திரிகையை உரத்து வாசிக்கப் பலர் கேட்டனர். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் தோன்றிய ஐக்கிய நாணய சங்கங்களில் இவர்கள் காரியதரிசிகளாயும் தனாதிகாரிகளாயும் பணிபுரிந்தனர். பாடசாலை மண்டபங்களுக்கும் கோயில் திருப்பணிகளுக்கும் மலாயாப் பணம் உதவியது. 1930களில் மூளாயில் ஐக்கிய முறையில் எழுந்த வைத்தியசாலை, மலாயாவிலிருந்து மீண்டோரின் பொருளும் உழைப்பும் கலந்த பெரும்பணியாகும். அரசாங்கம் தருமென்று காத்திராது, நோயாளருக்கான இல்லத்தைக் கிராமத்தார் தாமே நடத்த முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று.

குறைகளையும் மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. வெளிநாட்டுச் சம்பளம் சீதனத்தை உயர்த்தியது. மலாயா மாப்பிள்ளையைத் தேடிய தந்தையர் காணியை ஈடு வைத்தனர். கோயில் முகாமைபற்றி எழுந்த பிணக்குகள் நீதிமன்றம் சென்றன. பணமும் நேரமும் கையிலிருந்தமையால் வழக்குகள் நீண்டன. எல்லாவற்றிலும் பெரிய குறை சாதி வேலி. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பல இனத்தாரோடு ஒரே பந்தியில் இருந்து பழகியவர், ஊர் மீண்டதும் பழைய வேலிக்குள்ளேயே புகுந்துகொண்டார். அவர் வெட்டிய கிணற்றில் எல்லாரும் நீரள்ள முடியவில்லை. அவர் பணம் கொடுத்த கோயில்களில் எல்லாருக்கும் கதவு திறக்கவில்லை. கடல் கடந்து கண்ட உலகம் அவர் வாழ்வின் வெளிப்புறத்தையே மாற்றியது என்னும் குற்றச்சாட்டு முற்றிலும் நியாயமற்றதன்று.

1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியர் கைப்பட்டது. தந்தையைப் பின்பற்றி மலாயாவுக்குச் சென்ற மக்கள் அங்கேயும், இளைப்பாறிய தந்தையர் இங்கேயுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. காசும் கடிதமும் நின்றன. மூன்றரை வருடங்கள் விறாந்தையிலிருந்த தந்தை தபாற்காரனை எதிர்பார்த்திருந்தார். தோட்டம் பழகியிருந்த வீடுகள் அந்நாளில் மரவள்ளியும் குரக்கனும் கொண்டு பசியாறின. பொழுதுபோக்காகப் பயின்ற தொழில் குடும்பத்தைத் தாங்கிற்று. 1945இல் யுத்தம் முடிந்து கடிதப் போக்குவரத்து மீண்டபோது, சில வீடுகளுக்கு மகிழ்ச்சியும் சில வீடுகளுக்குத் துயரமும் வந்தன.

1957இல் மலாயா சுதந்திரம் பெற்றது. அங்கு வாழ்ந்த யாழ்ப்பாணத்தாருட் பெரும்பாலோர் அந்நாட்டையே தம் நாடாகக் கொண்டனர். மீண்டு வருவோர் குறைந்தனர். பழைய பென்சனியர் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். அவர்கள் கட்டிய கல்வீடுகளிற் பல பிற்காலத்துப் போரில் இடிந்தன. அவர்களின் பேரப்பிள்ளைகளோ இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இளைப்பாறும் வயதை அடைந்திருக்கின்றனர். எஞ்சிய நாட்களை எவ்வாறு கழிப்பது என்னும் பழைய கேள்வி அவர்கள்முன்னும் நிற்கிறது.

அதற்கு மலாயாவிலிருந்து மீண்டோரின் வாழ்வு தரும் விடை எளியது. உபகாரச் சம்பளம் உணவைத் தரும், மதிப்பைத் தராது. அறியாததைக் கற்க முன்வந்தவரும், அறிந்ததைப் பிறருக்குப் பயன்படுத்தியவருமே ஊரின் நினைவில் நிலைத்தனர்.

தொடக்கத்திற் கூறிய சுமைதாங்கிக் கல்லுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நடுவது அந்நாளைய வழக்கமாயிருந்தது. தன் சுமையை இறக்கிவைக்க முடியாது மறைந்த ஒருத்தியின் பெயரால், ஊரார் எல்லாரும் தம் சுமையை இறக்கினர். மலாயாப் பென்சனியரின் வரலாற்றிலும் அத்தகையவள் ஒருத்தி இருக்கிறாள். முப்பது வருடம் வீட்டையும் காணியையும் காத்த அவளுக்கு இளைப்பாறும் வயது என ஒன்றை எந்தச் சட்டமும் குறிக்கவில்லை. அவள் பெயரில் உபகாரச் சம்பளமும் வரவில்லை. கணவர் இளைப்பாறி மீண்ட நாளிலும் அடுப்பை மூட்டியவள் அவளே. வீடு மீண்டவர் அவளுடைய சுமையில் ஒரு பகுதியையேனும் தம் தலைக்கு மாற்றிக்கொண்டாரா என்பதைக்கொண்டே, அவர் இளைப்பாறிய வாழ்வை அளத்தல் தகும்.