மணல் போட்ட இடுக்கு

முற்றத்திலோ தெருவிலோ கல் பாவும்போது கற்களுக்கு நடுவே விடும் இடுக்கை எதைக் கொண்டு நிரப்புவது என்பது கொத்தனாரின் சில்லறைக் கவலையாகத் தோன்றும். இறுகப் பிடிக்கும் கலவைதான் உசத்தி என்பது பொதுவான எண்ணம். பாரீஸ் தெருக்களின் வரலாறு அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. நல்ல இடுக்கு கல்லை அசையாமல் நிறுத்தினால் மட்டும் போதாது. வேண்டும்போது கல்லை உடையாமல் விட்டுக்கொடுக்கவும் வேண்டும்.

12ஆம் நூற்றாண்டின் கடைசியில், வண்டிச் சக்கரங்கள் கிளறிய சேற்றின் நாற்றம் தாங்காமல் மன்னர் இரண்டாம் பிலிப் முக்கியத் தெருக்களுக்குக் கல் பாவச் சொன்னதாக அக்கால வரலாற்றாசிரியர் ரிகோர் எழுதியிருக்கிறார். பின்னாளில் ஃபோந்தேன்புளோ பக்கத்து மணற்கல்லைக் கனசதுரமாக வெட்டிக் கொண்டுவந்தார்கள். மணல் பரப்பி, அதன்மேல் கல்லை நிறுத்தி, இடுக்கிலும் மணலையே தள்ளித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார்கள். இறுகிய மணல், ஒரு கல்லின் மேல் விழும் பாரத்தை அண்டைக் கற்களுக்கும் பகிர்ந்துவிடும். வெயிலில் கல் விரிந்தால் இடம் கொடுக்கும். ஒரு கல் அமிழ்ந்தால் அதை மட்டும் எடுத்து, அடியில் மணல் சேர்த்து, அதே கல்லைத் திரும்ப வைக்கலாம். மேற்புறம் தேய்ந்த கல்லைப் புரட்டியும் போடலாம்.

மணல் மலிவு, அதனால்தான் போட்டார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். மலிவும் ஒரு காரணம்தான். ஆனால் சாந்து கிடைக்காத ஊரல்ல பாரீஸ். மோன்மார்த்ர் குன்றின் ஜிப்சத்தை வேகவைத்த சாந்து அந்த நகரின் பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டது. சுவருக்குச் சாந்தும் தெருவுக்கு மணலும் என்று பிரித்ததற்கு வேலையறிவும் காரணம்: சுவர் அசையாது, இரும்புப் பட்டை போட்ட சக்கரம் ஓடும் தெரு ஓயாமல் அதிரும். 19ஆம் நூற்றாண்டில் எரிவாயுக் குழாய்கள் வந்தபோது, தோண்டி மூடுவதற்கும் அந்த மணல் இடுக்கு உதவியது.

பாவுகிறவருக்கு உதவிய அதே குணம் கலகக்காரருக்கும் உதவியது. கடப்பாறையால் முதல் கல்லை நெம்பிவிட்டால் அடுத்தவை சிரமமின்றி வந்தன; 1830 ஜூலையிலும் 1848 பிப்ரவரியிலும் தெருவே தடுப்பரணாக எழுந்து நின்றது. 1853இல் நகர நிர்வாகத்துக்கு வந்த ஓஸ்மானின் காலத்தில், அகன்ற சாலைகள் பலவற்றில் கல்லுக்குப் பதில் சரளை இறுக்கிய மெக்கடம் தளம் போடப்பட்டது. இரைச்சலைக் குறைக்கவும் வண்டி வேகமாக ஓடவும்தான் இந்த மாற்றம் என்பதிலும் உண்மை உண்டு. ஆனால் கலகத்தை அடக்குவதும் அந்த நகர்த் திட்டத்தின் கணக்கில் இருந்தது. விலையைத் தெருவே கொடுத்தது: மெக்கடம் மழையில் சேறானது, வெயிலில் புழுதியானது. தடுப்பரணும் ஒழியவில்லை. 1871இல் பாரீஸ் கம்யூன் கிளர்ச்சியின்போது மீண்டும் எழுந்தது. 1968 மே 10 இரவு கே-லுசாக் தெருவில் மாணவர்கள் மறுபடியும் கல்லைப் பெயர்த்தார்கள். அதன்பிறகு அந்த மாணவர் வட்டாரத்துத் தெருக்கள் பலவற்றின் மேல் தார் பூசப்பட்டது. கலவரத்துக்கு அஞ்சிப் பூசிய அந்தத் தார், பழுது பார்ப்பவருக்கும் கல்லை எட்டாததாக்கிவிட்டது.

வீட்டு முற்றத்தில் யாரும் தடுப்பரண் கட்டப்போவதில்லை. ஆனாலும் அங்கே மணலை மழை அரித்துப்போகும், புல் முளைக்கும், எறும்பு புற்று வைக்கும் என்பார்கள். எல்லாம் மெய். ஓரத்துக்கு உறுதியாக அணைகட்டி, அவ்வப்போது மணலைக் கூட்டித் தள்ள வேண்டியிருக்கும். ஆனால் சிமெண்ட் இடுக்கும் சும்மா கிடப்பதில்லை. அடிமண் இறங்கினால் அது விரிசல் விடும். சரிசெய்யப் போனால் பக்கத்துக் கல்லின் விளிம்பும் சேர்ந்து உடையும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நெதர்லாந்தில் கான்கிரீட் கற்களைப் பரவலாகப் பாவியபோதும் இடுக்கில் மணலையே போட்டார்கள். சென்னை நடைபாதைகளின் பேவர் பிளாக்கும் அந்த முறைதான். கேபிள் புதைத்த பிறகு அவை மேடுபள்ளமாகக் கிடப்பது திரும்பப் பாவியவரின் அசட்டை, மணலின் குற்றமல்ல. தரைக்கு அடியில் குழாயும் கம்பியும் இருக்கும்வரை யாராவது அதைத் திறக்கத்தான் வேண்டும். அந்த வேலைக்குக் கடப்பாறை போதுமா, கல்லையே உடைக்க வேண்டுமா என்பது இடுக்கை நிரப்பும் அன்றே தீர்மானமாகிவிடுகிறது.