அறுபதுக்கு நாற்பது

நியூஹேவன் என்ற ஊர் நம்மில் படித்தவர்களுக்கு யேல் பல்கலைக்கழகத்தை வைத்துத்தான் தெரியும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிற அந்த ஊரில், 2003ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் 118 தீயணைப்பு வீரர்கள் பதவி உயர்வுக்காகப் பரீட்சை எழுதினார்கள். நம்ம பக்கம் 'டிபார்ட்மெண்ட் டெஸ்ட்' என்கிறோமே, அந்த மாதிரி ஒரு நகராட்சித் தேர்வு, அவ்வளவுதான். ஆறு வருஷம் கழித்து அது அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் போய் நின்றது. தகுதி, திறமை என்ற கூப்பாட்டைக் காலங்காலமாகக் கேட்டு வருகிற நாம் இந்த வழக்கைச் சாவகாசமாகப் படித்துப் பார்க்க வேண்டும். 1946இல் அம்பேத்கர் டூபாய்சுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயர் எடுத்துக்கொண்டார்கள். அந்த மக்களின் வழக்கு நமக்கு அந்நியமானதல்ல.

தேர்வு இரண்டு பதவிகளுக்கு நடந்தது: லெப்டினன்ட், கேப்டன். இதில் கேப்டன் என்பவர் யார்? ஒரு தண்ணீர் வண்டிக்கோ ஏணி வண்டிக்கோ, அதில் போகிற ஆட்களுக்கோ பொறுப்பாளி. நம் ஊரில் நிலைய அலுவலர் என்கிற பதவிக்குக் கிட்டத்தட்டச் சமம். வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்து முன் இருக்கை அவருடையது. தீப்பிடித்த இடத்துக்கு முதலில் போய்ச் சேரும் வண்டி அவருடையது என்றால், பெரிய அதிகாரி வந்து சேரும்வரை அங்கே அவர் சொல்தான் சட்டம். இறங்கின நிமிஷமே பார்த்தாக வேண்டும்: புகை என்ன நிறத்தில், எந்த வேகத்தில் வருகிறது, கட்டடம் மரமா செங்கல்லா, உள்ளே ஆள் இருக்கிறதா, தண்ணீர்க் குழாய் எங்கே. குழாயை எந்த வாசல் வழியாக உள்ளே கொண்டுபோவது, கூரையை வெட்டிப் புகையை வெளியேற்றுவதா வேண்டாமா, எந்த நிமிஷத்தில் 'எல்லாரும் வெளியே வா' என்று கத்துவது - எல்லாம் அவர் முடிவு. வெளியே வந்த தலைகளை எண்ணுவதும் அவர்தான். ஒரு தலை குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நிலையத்துக்குத் திரும்பினால் அறிக்கை எழுதணும், பயிற்சி கொடுக்கணும், கட்டடங்களைப் பார்வையிடணும், ஆட்களுக்குள் சண்டை வந்தால் தீர்த்து வைக்கணும். படிப்பு வேண்டாத வேலை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இதில் பெரும்பகுதி வாயால் சொல்லி ஆளை நடத்துகிற வேலை.

இந்த வேலைக்கு ஆள் எடுக்க வைத்த தேர்வில் எழுத்துக்கு 60 சதம், வாய்மொழிக்கு 40 சதம். எழுத்துத் தேர்வில் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி 100 கேள்விகள். வாய்மொழியில் தீ நிலவரம் ஒன்றைச் சொல்லி 'நீ என்ன செய்வாய்' என்று கேட்பார்கள். இல்லினாய் மாநிலத்துக் கம்பெனி ஒன்று காசு வாங்கிக்கொண்டு தேர்வைத் தயாரித்தது. அவர்கள் பொறுப்பில்லாமல் செய்ததாகச் சொல்ல முடியாது. வண்டிகளில் கூடவே போய் வேலையைப் பார்த்தார்கள், அதிகாரிகளைப் பேட்டி கண்டார்கள், வாய்மொழித் தேர்வுக் குழுக்களில் சிறுபான்மையினரைப் பெரும்பான்மையாக உட்கார வைத்தார்கள். ஆனால் அறுபதுக்கு நாற்பது என்ற கணக்கு அவர்கள் போட்டதல்ல. நகராட்சியும் தீயணைப்புத் தொழிற்சங்கமும் இருபது வருஷத்துக்கு முன்னால் பேரம் பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டது அது. நல்ல கேப்டனை அந்த விகிதம் கண்டுபிடித்துக் கொடுக்குமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சங்கமும் நிர்வாகமும் கைகுலுக்கி எழுதின ஒரு எண், பின்னால் 'தகுதி' என்ற பெயரோடு கோர்ட்டில் வந்து நின்றது. இந்த இடத்தை நன்றாகக் கவனிக்க வேண்டுகிறேன்.

முடிவு வந்தது. கேப்டன் தேர்வு எழுதியவர்கள் 41 பேர். வெள்ளையர் 25, கறுப்பர் 8, ஸ்பானிய மொழி வழிவந்த இலத்தீனியர் 8. தேறியவர்கள் முறையே 16, 3, 3. காலி இடங்கள் 7. ஒவ்வொரு இடத்துக்கும் முதல் மூன்று பேரிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது அந்த ஊர் விதி. அப்படிக் கணக்குப் போட்டால் 9 பேருக்கு வாய்ப்பு. அதில் வெள்ளையர் 7, இலத்தீனியர் 2, கறுப்பர் ஒருத்தர்கூட இல்லை. லெப்டினன்டுக்கு 77 பேர் எழுதினார்கள். வாய்ப்புள்ள முதல் பத்துப் பேரும் வெள்ளையர்கள்.

நகராட்சி பயந்தது. கறுப்பர்கள் வழக்குப் போடுவார்கள் என்ற பயம். கறுப்பின மக்கள்மேல் திடீரென்று பிறந்த பாசம் என்று நாம் ஏமாற வேண்டாம். ஓட்டுக் கணக்கும் அதில் இருந்தது. பணி வாரியம் பல நாள் கூடிக் கூடிப் பேசி, 2004இல் இரண்டுக்கு இரண்டு என்று ஓட்டுப் பிரிந்து, முடிவுகளை ஏற்காமல் விட்டது. தேறிய வெள்ளையர்களும் ஓர் இலத்தீனியரும் வழக்குப் போட்டார்கள்.

அந்த வாரியத்தின் முன்னால் பேசியவர்களின் வாக்குமூலங்கள்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தன. புத்தகங்களுக்கு 500 டாலர்வரை ஆனது என்றார்கள். சிலருக்குப் புத்தகம் பிந்தித்தான் கைக்கு வந்தது. வெள்ளையர் பலருக்குத் தீயணைப்பில் சொந்தபந்தம் இருந்தது. அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று குடும்பமே அந்த வேலையில் இருந்தால் புத்தகமும் வீட்டிலேயே இருக்கும், எதைப் படிக்கணும் எதை விடணும் என்று சொல்லிக் கொடுக்க ஆளும் இருக்கும். கறுப்பர்களிலும் இலத்தீனியர்களிலும் மிகப் பெரும்பாலோர் தீயணைப்பு வேலைக்கு வந்த முதல் தலைமுறை. முதல் தலைமுறை என்ற சொல்லைப் படித்ததும் நம்மில் எத்தனை பேருக்கு நம்முடைய காலேஜ் அட்மிஷன் நாள் ஞாபகம் வரும்!

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. மிச்சிகனில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு கறுப்பர், கேள்விகள் சரியானவைதான், அதிகாரியாகப் போகிறவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்றே சொன்னார். வழக்குக்குத் தன் பெயரைக் கொடுத்த ஃபிராங்க் ரிச்சி எழுத்து வாசிப்பதில் குறைபாடு உள்ளவர். ஆயிரம் டாலருக்குமேல் செலவழித்துப் புத்தகங்கள் வாங்கி, பக்கத்து வீட்டுக்காரரை வாசிக்கச் சொல்லி ஒலிநாடாவில் பதிந்து, ஒரு நாளைக்கு 8 முதல் 13 மணிநேரம் படித்தார். லெப்டினன்ட் பட்டியலில் ஆறாவதாக வந்தார். அந்த உழைப்பை நாம் ஏன் கேலி செய்ய வேண்டும்? எழுத்தால் அவதிப்பட்ட ஒருத்தரே எழுத்துக்கு 60 சதம் கொடுத்த தேர்வுக்காக வழக்காட வேண்டிவந்தது என்பதுதான் எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

இதெல்லாம் 2003இல் முளைத்ததல்ல. 1970களின் தொடக்கத்தில் நியூஹேவன் மக்களில் 30 சதம் பேர் கறுப்பர், இலத்தீனியர். தீயணைப்பில் இருந்த 502 பேரில் அவர்கள் 3.6 சதம். அதிகாரிகள் 107 பேரில் கறுப்பர் ஒரே ஒருவர், அதுவும் கடைசிப் படி அதிகாரி. கறுப்பின வீரர்களின் சங்கம் வழக்குப் போட்டபிறகுதான் கதவு திறந்தது. 2003 வாக்கில் ஊரில் கிட்டத்தட்ட 60 சதம் சிறுபான்மையினர் ஆகிவிட்டார்கள். வீரர்களில் 30 சதம் கறுப்பர். ஆனால் கேப்டன்கள் 21 பேரில் கறுப்பர் ஒருவர். குழாய் பிடிக்க ஆள் எடுத்தார்கள், முன் இருக்கை மட்டும் பழையபடியே இருந்தது.

இன்னும் பின்னால் போனால் பக்கத்து நியூயார்க்கில் வெஸ்லி வில்லியம்ஸ் நிற்கிறார். 1916இல் அம்பேத்கர் கொலம்பியாவில் படித்துவிட்டுக் கிளம்பிய அதே மன்ஹாட்டனில், 1919 ஜனவரியில் 55ஆம் எண் எஞ்சின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் வந்த அன்றே அங்கிருந்த கேப்டன் ஓய்வு பெற்றுக்கொண்டு போய்விட்டார். மற்ற வீரர்கள் மொத்தமாக இடமாற்றம் கேட்டார்கள். ஒரு வருஷத்துக்கு யாருக்கும் மாற்றம் கிடையாது என்று இலாகா சொல்லிவிட்டது. மேலே தங்களோடு படுக்க விடாமல் அடித்தளத்துக்கு அவரைத் தள்ளினார்கள். அங்கேயே உடற்பயிற்சி செய்தார், அங்கேயே பரீட்சைக்குப் படித்தார். 1927இல் லெப்டினன்ட், 1934இல் கேப்டன், 1938இல் பட்டாலியன் தலைவர். 1940இல் கறுப்பின வீரர்கள் வல்கன் சங்கத்தை ஆரம்பித்தபோது அவர் முன்னால் நின்றார். அப்போது அவர்கள் எதிர்த்த கொடுமைகளில் ஒன்று 'கறுப்பர் கட்டில்'. நிலையத்தில் கறுப்பர் படுப்பதற்கென்று ஒரு கட்டிலை ஒதுக்கி வைத்திருந்தார்கள், பெரும்பாலும் கழிப்பறை ஓரமாக. இரட்டைக் குவளை தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

வில்லியம்ஸ் எழுத்துப் பரீட்சை எழுதித்தானே மேலே வந்தார் என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், எழுதித்தான் வந்தார். மேலதிகாரியின் தயவை நம்பி இருந்திருந்தால் அடித்தளத்திலேயே கிடந்திருப்பார். பாரபட்சமான அதிகாரியைவிட அச்சடித்த வினாத்தாள் எத்தனையோ மேல். ஒடுக்கப்பட்டவர்கள் பரீட்சையை நம்பியதற்குக் காரணம் உண்டு. அதனாலேயே வாய்மொழித் தேர்வு என்றதும் நமக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது. இன்டர்வியூவில் யார் உட்காருவார்கள், அப்பா பெயர், ஊர் பெயர் கேட்டு என்ன கண்டுபிடிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். எழுத்தா வாய்மொழியா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. யார் நடத்துகிறார்கள், எதை அளக்கிறார்கள், எண்ணை யார் வைத்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

2009 ஜூன் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொன்னது. வழக்கில் தோற்போம் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லாமல், இனத்தைக் காரணமாக வைத்துத் தேர்வு முடிவைத் தூக்கிப்போட்டது சட்டவிரோதம் என்று நீதிபதி கென்னடி எழுதினார். முதல் தலைமுறை பற்றியும் பழைய ஒப்பந்தம் பற்றியும் நான் மேலே சொன்ன விவரங்களை எல்லாம் எடுத்து வைத்து மாறுபட்டவர் நீதிபதி ஜின்ஸ்பர்க். பக்கத்து பிரிட்ஜ்போர்ட் ஊரைப் பற்றி வாரியத்தில் சொன்னதையும் அவர் குறிப்பிட்டார். அங்கே முன்பு எழுத்துக்கு 70, வாய்மொழிக்கு 25, பணிமூப்புக்கு 5 சதம் இருந்தது. தீயில் நிஜமாக நடப்பதை வாய்மொழித் தேர்வுதான் அதிகம் கேட்கிறது என்று கண்டு விகிதத்தைத் திருப்பினார்கள். லெப்டினன்ட், கேப்டன் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு சிறுபான்மையினர் கைக்கு வந்திருந்தது.

நம் கதையும் படிக்கட்டில்தான் இடறுகிறது. 1961இல் தென்னக ரயில்வேயின் ரங்காச்சாரி வழக்கில் பதவி உயர்விலும் இடஒதுக்கீடு செல்லும் என்றார்கள். 1992இல் இந்திரா சஹானி வழக்கில், வேலைக்கு எடுப்பதோடு சரி, உயர்வில் கூடாது என்றார்கள். 1995இல் 77ஆம் திருத்தம் வந்தது. 2000இல் வந்த 82ஆம் திருத்தம் பதவி உயர்வுத் தேர்வில் மதிப்பெண் தளர்வுக்கு இடம் கொடுத்தது. 2006இல் நாகராஜ் வழக்கு, புள்ளிவிவரம் கொண்டு வா, நிர்வாகத் திறன் கெடாது என்று காட்டு என்றது. திறன் கெடாது என்று நாம் நிரூபிக்கணும். இப்போது இருக்கிற தேர்வு திறனை அளக்கிறதா என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் கிடையாது!

நியூஹேவனில் 2009 கடைசியில் வழக்காடியவர்களில் 14 பேர் பதவி உயர்வு பெற்றார்கள். அதே 2003 லெப்டினன்ட் தேர்வில் வாய்மொழியில் எல்லாரையும்விட அதிக மதிப்பெண் வாங்கியவர் ஒரு கறுப்பின வீரர். எழுத்தையும் சேர்த்த மொத்தப் பட்டியலில் அவருக்கு 24ஆவது இடம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அவரும் வழக்குப் போட்டார். கேள்விகளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அறுபதுக்கு நாற்பது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டார். மற்ற ஊர்களில் வழக்கமாக இருப்பதுபோல் வாய்மொழிக்கு 70, எழுத்துக்கு 30 என்று வைத்திருந்தால் தனக்கு இடம் கிடைத்திருக்கும் என்றார். ரிச்சி தீர்ப்போடு இந்தப் பிரச்சினை முடிந்துவிட்டது என்று 2010இல் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முடியவில்லை, விசாரிக்கத்தான் வேண்டும் என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. தேர்வு எழுதி அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது.