காப்புப்பிரதி: யாழ்ப்பாணத் தீவகத்தின் வழியாக ஒரு வரலாறு

காப்புப்பிரதி என்பது, மூலம் அழிந்தாலும் அதில் உள்ளதைத் திரும்பப் பெறுவதற்காக, வேறொரு பொருளில், வேறோர் இடத்தில் முன்கூட்டியே எடுத்து வைக்கும் படி. கணினி வேலை செய்பவர்கள் இதை 'பக்கப்' என்பார்கள். எவ்வளவு தரவு சேரும், எத்தனை படி வேண்டும், ஒரு படியை எழுத எத்தனை மணி நேரம் ஆகும், மூலம் போய்விட்டால் மீட்க எத்தனை நாள் செல்லும் என்று முன்னரே கணக்குப் போடுவது கொள்ளளவுத் திட்டமிடல். அந்தக் கணக்குக்குள் வேலை முடியும்படி வட்டு, நாடா, இணைய இணைப்பு ஆகியவற்றைச் சீர்படுத்துவது செயல்திறன் மேம்பாடு. இந்த இரண்டும் வங்கிகளுக்கும் அரச திணைக்களங்களுக்கும் உரிய நவீனக் கலைகளாகவே பேசப்படுகின்றன. ஆனால் இவற்றின் அடிப்படைக் கேள்விகள் அனைத்தையும் ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலிய யாழ்ப்பாணத் தீவகத்தின் ஆவண வரலாற்றிலேயே காணலாம்.

கல், செம்பு, ஏடு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்றும் அது சொல்கிறது. யானை, குதிரை ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் ஆளுக்குப் பாதி. இந்த ஆணை கல்லிலும் செம்பிலும் வெட்டுவிக்கப்பட்டது என்பதும் அதே கல்வெட்டில் பதிவாகியுள்ளது. ஒரே செய்தியை இரண்டு வகைப் பொருளில் வைத்தார்கள். இன்று நம் கையில் இருப்பது கல் மட்டும். 1963இல் கார்த்திகேசு இந்திரபாலா அதன் வாசகத்தை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அந்த அச்சுப்படியும் இப்போது கல்லுக்கு ஒரு காப்பாகிவிட்டது.

பனையோலை கல்லைப் போன்றதன்று. கறையானும் ஈரமும் கடற்காற்றும் அதைத் தின்றுவிடும். எனவே ஏடு சிதையும் முன்பே அதைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தார்கள். எழுதும்போது பிழை புகும். அதைக் கண்டுபிடிக்க வேறு ஊரிலிருந்து வேறொரு படி வேண்டும். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) தொல்காப்பியச் சேனாவரையம், வீரசோழியம், கலித்தொகை ஆகியவற்றை அச்சேற்றியபோது செய்த பெரும் உழைப்பு ஏடு தேடுவதும் ஏடுகளை ஒப்பிடுவதுமே. படி இருந்தால் போதாது, அது சரியான படிதானா என்று சோதிக்க வேண்டும் என்ற விதி அன்றே நடைமுறையில் இருந்தது. இன்று கணினி அந்தச் சோதனையைச் சரிபார்ப்பு எண்களைக் கொண்டு செய்கிறது: கோப்பிலிருந்து கணக்கிடப்படும் ஒரு நீண்ட எண்ணை மூலத்துக்கும் படிக்கும் தனித்தனியே எடுத்து ஒப்பிட்டால், ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும்.

ஊர்காவற்றுறைக் கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளின் பணியும் இங்கே சேர்த்துச் சொல்லத் தக்கது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அச்சான தமிழ் நூல்கள் தமிழ் மண்ணில் மறைந்துபோயின. அவற்றின் படிகள் ஐரோப்பிய நூலகங்களில் கிடந்தன. அவற்றைத் தேடிச் சென்று தமிழுலகுக்கு அறிவித்தவர் அவர். அம்பலக்காட்டில் 1679இல் அச்சான அந்தாவோ தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகப் படியிலிருந்து எடுத்து 1966இல் கோலாலம்பூரில் நிழற்படிப் பதிப்பாக வெளியிட்டார். ஏறத்தாழ 290 ஆண்டுகளுக்குப் பிறகு, கடல்கடந்த இடத்தில் இருந்த படியிலிருந்து நடந்த மீட்பு இது. தீவகம் ஈன்ற ஒருவரின் இந்தப் பணியை இலக்கிய ஆராய்ச்சியாக மட்டுமே பேசி வருகிறோம். ஆவணக் காப்பு வரலாற்றிலும் அதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

உறுதியும் 45 நாளும்

இலங்கையில் காணி உறுதி எழுதும் முறை காப்புப்பிரதித் திட்டத்துக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டப்படி ஓர் உறுதி மூன்று படிகளாக எழுதப்படும். ஒன்று காணிக்காரர் கைக்குப் போகும். ஒன்று நொத்தாரிசின் கோவையில் இருக்கும். இன்னொன்றை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்று படி, மூன்று இடம். 1990இல் போரினால் தீவக மக்கள் இடம்பெயர்ந்தபோது ஓடு, கதவு, பெட்டகம் எல்லாவற்றையும் விட்டுத்தான் போனார்கள். வீட்டில் இருந்த உறுதி போனாலும் சட்டப்படி வேறு இரண்டு படிகள் இருந்தாக வேண்டும் என்பதே பலருக்குக் காணியை நிலைநாட்ட இருந்த பிடி.

இந்தச் சட்டத்தில் ஒரு கால இடைவெளியும் உண்டு. தை முதலாம் திகதி எழுதிய உறுதியின் படி மாசி 15 வரை பதிவகத்துக்குப் போகாமல் இருக்கலாம். அந்த 45 நாள் வரை பதிவகத்தில் படி இல்லை. நிறுவனங்கள் தங்கள் காப்புத் திட்டத்தில் முதலில் எழுத வேண்டிய எண் இதுதான்: எவ்வளவு காலத் தரவு தொலைந்தால் நம்மால் தாங்க முடியும்? இரண்டாவது எண், மீட்க எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பது. வட்டு வாங்கும் பேச்சு இந்த இரண்டுக்கும் பிறகே வர வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது தலைகீழாக நடக்கிறது. விலைப்பட்டியலைப் பார்த்து வட்டை வாங்கிவிட்டு, அதற்குள் அடங்குவதைக் காக்கிறார்கள்.

1981

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவும் அதை அடுத்தும் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1933இல் கே. எம். செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய வாசிப்பு முயற்சியிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையின் ஏடு அங்கே எரிந்ததாகச் சொல்வதுண்டு. ஆயினும் அந்த நூலை இன்றும் வாசிக்கிறோம்: 1879இலேயே பிரிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்துவிட்டது, பின்னர் குல. சபாநாதனின் பதிப்பும் வந்தது. அச்சேறாமல் ஒரே படியாக இருந்த ஏடுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்பதைக்கூட இனி அறிய முடியாது. எரித்தவர்களின் குற்றத்தை இது எள்ளளவும் குறைக்காது. ஆனால் எது பிழைத்தது, எது பிழைக்கவில்லை என்பதைப் படிகளின் எண்ணிக்கையே முடிவு செய்தது.

நாடாவும் வட்டும்

கணினிக் காப்பின் வரலாறு காந்த நாடாவோடு தொடங்குகிறது. 1952இல் ஐபிஎம் வெளியிட்ட 726 நாடாக் கருவியின் ஒரு சுருளில் சுமார் 2 மெகாபைட் அடங்கியது. 2000இல் வந்த முதல் தலைமுறை எல்டிஓ நாடா 100 கிகாபைட் கொண்டது. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட். 1996இல் வெளியான ஆர்சிங்க் போன்ற மென்பொருள்கள் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் வழியைப் பரவலாக்கின. அதன் பிறகு, ஒரே தரவுத் துண்டு பல இடங்களில் வந்தால் ஒருமுறை மட்டும் சேமிக்கும் முறை நிறுவனங்களில் நிலைபெற்றது. மூன்று படி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற '3-2-1' விதி இந்தத் துறையின் அரிச்சுவடி.

எண்மிய நூலகத்தின் கணக்கு

தமிழ் நூல்களைக் கணினியில் காக்கும் முயற்சிகளில் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. ஈழத்து ஆவணங்களுக்கெனத் தன்னார்வலர்கள் 2005இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். முன்னது நூல்களை எழுத்துருவாகத் தட்டச்சு செய்து வெளியிட்டது. பின்னது பெரும்பாலும் பக்கங்களைப் படமாக வருடிச் சேர்க்கிறது. இந்த வேறுபாடு கொள்ளளவை அடியோடு மாற்றிவிடும்.

200 பக்க நூல் ஒன்றைத் தட்டச்சு செய்தால் சுமார் 3 லட்சம் எழுத்துக்குறிகள். யூனிக்கோடில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்றால் ஒரு மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். அதே நூலின் ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் வருடினால் 2480 × 3508 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வைத்தால் ஒரு பக்கம் 26 மெகாபைட். 1952இன் நாடாவில் எழுதுவதானால் இந்த ஒரு பக்கத்துக்குப் பத்துச் சுருளுக்கு மேல் வேண்டும். நூல் முழுதும் 5.2 கிகாபைட், இப்படி 1,000 நூல் 5.2 டெராபைட். மூன்று படிக்கு 15.6 டெராபைட். ஆண்டுக்கு ஆயிரம் நூல் சேரும் என்றால் ஐந்தாண்டில் 78 டெராபைட் தேவை. இழப்பில்லாச் சுருக்கம் இதைக் குறைக்கும். ஆனால் மஞ்சளித்துக் கறைபடிந்த தாள் வெள்ளைத் தாள் அளவுக்குச் சுருங்காது. ஆகவே விற்பனையாளர் சொல்லும் சுருக்க விகிதத்தை நம்பாமல், தம்மிடம் உள்ள சில நூறு பக்கங்களைச் சுருக்கிப் பார்த்து அந்த விகிதத்தையே கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது நேரம். 5.2 டெராபைட்டை நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் அனுப்ப 48 நாள் பிடிக்கும். நொடிக்கு 150 மெகாபைட் எழுதும் வட்டில் சுமார் பத்து மணி நேரம். வட்டைப் பையில் வைத்து நயினாதீவில் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவு, வேலணை தாண்டிப் பண்ணைப் பாலம் வழியே யாழ்ப்பாணம் போய்ச் சேர அரை நாள்கூட ஆகாது. அதனால் முதல் முழுப் படியைக் கையில் கொண்டுபோக வேண்டும். அதன் பின், நாளுக்கு மூன்று நூல் வீதம் சேரும் 15.6 கிகாபைட்டை அதே 10 மெகாபிட் இணைப்பில் மூன்றரை மணி நேரத்தில் இரவோடிரவாக அனுப்பிவிடலாம். மீட்பும் இப்படித்தான்: எல்லாமே மேகச் சேமிப்பில் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர், அதைத் திரும்ப இறக்க எத்தனை நாள் என்பதையும் கணக்கிட்டிருக்க வேண்டும்.

வேகம் குறைவதற்குக் காரணம் பல வேளைகளில் வட்டு அன்று, கோப்புகளின் எண்ணிக்கை. ஆயிரம் நூலுக்கு இரண்டு லட்சம் பக்கக் கோப்புகள். ஒவ்வொன்றையும் திறந்து, பெயர் பதிந்து, மூடும் வேலையிலேயே நேரம் போய்விடும். நூலுக்கு ஒரு பொதியாகக் கட்டி அனுப்பினால் அந்தத் தாமதம் பெரிதும் குறையும். நாடாவில் எழுதுபவருக்கு வேறொரு சிக்கல்: தரவு போதிய வேகத்தில் வராவிட்டால் நாடா நின்று, பின்னே போய், மறுபடி ஓடும். வேகமும் போகும், நாடாவும் தேயும். எனவே முதலில் வட்டில் சேர்த்து, பின்பு ஒரே மூச்சில் நாடாவுக்கு மாற்றுவார்கள். வருடிய படங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. மின்னஞ்சலில் அற்புதமாக வேலை செய்யும் 'ஒரு துண்டு ஒருமுறை' முறை இங்கே அதிகம் உதவாது.

தீவில் மின்சாரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை தேசிய மின்கட்டமைப்போடு இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வந்தவை. இந்திய நன்கொடையில் இந்த மூன்று தீவுகளுக்கும் கலப்பு மின்திட்டம் அமைக்க 2024 மார்ச் 1 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது: 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்று மின்சாரம், 2,400 கிலோவாட் மணி மின்கலம், துணைக்கு 2,500 கிலோவாட் டீசல். பாதியில் மின்சாரம் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும் மென்பொருள், படி முடிந்ததும் சரிபார்ப்பு, வேலை இல்லாதபோது வட்டைக் கழற்றி உப்புக்காற்று புகாத பெட்டியில் வைப்பது ஆகிய மூன்றும் தீவகத்தில் கட்டாயம்.

இரண்டு அண்மைத் தோல்விகள்

2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பு பணயத் தீநிரல் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் தாக்குதல் நாள் வரையான தரவுக்குக் காப்பு இல்லை: 101 நாள். 1907இன் காகிதச் சட்டம் 45 நாளுக்கு மேல் விடவில்லை என்பதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரச தரவு மையம் தீப்பிடித்தது. அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த அமைப்பில் இருந்த 858 டெராபைட் அழிந்தது. அளவு மிகப் பெரியது, அதனால் வெளிக்காப்பு வைக்க முடியவில்லை என்று அதிகாரிகள் காரணம் சொன்னார்கள். அது ஏற்கத்தக்க காரணமன்று. 858 டெராபைட் என்பது சுருக்காமலே 48 எல்டிஓ ஒன்பதாம் தலைமுறை நாடாக்களில் அடங்கும்.

தீவக வீடுகளிலும் கோயில்களிலும் பாடசாலைகளிலும் ஒரே படியாக இன்னும் எவ்வளவோ இருக்கின்றன: திருவிழாக் கணக்குகள், கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், ஒருவர் இறந்த 31ஆம் நாள் அச்சிட்டுக் கொடுத்த, அந்தியேட்டிக் கல்வெட்டு எனப்படும் நினைவு மலர்களில் உள்ள வம்சாவளிகள். இவற்றை வைத்திருப்பவர்கள் வருடுவதற்குக் கொடுக்க வேண்டும். ஒரு படியைத் தம்மிடமும், ஒன்றை யாழ்ப்பாணத்திலும், ஒன்றை ரொறன்ரோவிலோ பாரிஸிலோ உள்ள உறவினரிடமும் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மூன்றையும் திறந்து வாசித்துப் பார்க்க வேண்டும்.