சனிக்கிழமை யாருடையது? கண்டிப்பான சமயச் சமூகங்களின் பிள்ளைகளும் போட்டி அட்டவணையும்

டெக்சாஸ் மாநிலத் தனியார் பள்ளிகளின் கூடைப்பந்துப் போட்டியில் 2012 மார்ச் 2, வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு ஓர் அரையிறுதி ஆட்டம் நடக்க வேண்டியிருந்தது. அதில் ஆட வேண்டிய அணிகளுள் ஒன்று ஹூஸ்டன் நகரின் பெரன் அகாடமி என்ற வைதிக யூதப் பள்ளி. யூதர்களின் ஓய்வுநாளான சபாத் வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போதே தொடங்கிச் சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் முடியும். ஆட்டத்தைப் பகலுக்கு மாற்றும்படி பள்ளி கேட்டது. போட்டியை நடத்திய சங்கம் மறுத்தது. அட்டவணை இப்படித்தான் இருக்கும் என்பது சங்கத்தில் சேரும்போதே தெரிந்ததுதானே என்பது சங்கத்தின் வாதம். மாணவர்கள், பெற்றோர் சிலர் நீதிமன்றத்தை நாடிய பிறகே சங்கம் இறங்கிவந்தது. ஆட்டம் பிற்பகல் 2 மணிக்கு மாறியது. பெரன் வென்றது; சனி இரவு, சபாத் முடிந்தபின் நடந்த இறுதியாட்டத்தில் தோற்றது. அன்றைய பரபரப்பில் பலரும் கடந்துபோன விவரம் ஒன்று உண்டு. பெரும்பாலும் கிறிஸ்தவப் பள்ளிகளைக் கொண்ட அந்தச் சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் வைப்பதே இல்லை. ஒரு சமயத்தின் ஓய்வுநாள் அட்டவணைக்குள் ஓசையின்றிக் கரைந்துவிட்டது. இன்னொன்றின் ஓய்வுநாள் ‘விதிவிலக்கு’ என்ற பெயரில் வாசலில் நின்றது. கண்டிப்பான சமயச் சமூகத்தில் வளரும் பிள்ளை ஆட்டத்தைவிட்டு விலகும்போது அதன் மதத்தைக் குற்றவாளியாக்குவது நம் வழக்கம். அப்பிள்ளையைப் பெரும்பாலும் தடுப்பவை போட்டியின் நாளும் உடையுமே என்றும், அவற்றை வகுத்ததிலும் வேறொரு சமய மரபின் கை இருக்கிறது என்றும், ஆகவே முதலில் அசைந்துகொடுக்க வேண்டியது போட்டி நடத்துபவர்தான் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

சனிக்கிழமை எப்படி ஆட்ட நாளாயிற்று என்பதிலிருந்தே தொடங்கலாம். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1618இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஞாயிறு வழிபாடு முடிந்தபின் மக்கள் நடனமாடலாம், அம்பெய்யலாம், தாண்டிக் குதிக்கலாம் என்றது அது. உழைக்கும் மக்களுக்கு அந்த நாளை விட்டால் வேறு நாள் எது என்பது மன்னரின் கேள்வி. வழிபாட்டுக்கு வராதவருக்கு விளையாட்டும் கிடையாது என்றும் அதே அறிக்கை விதித்தது. விளையாட்டைக் காட்டிக் கோவிலுக்கு வரவழைக்கும் தந்திரம். ஞாயிறை வழிபாட்டுக்கே ஒதுக்கிய கண்டிப்பான கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள் கொதித்தார்கள். 1633இல் முதலாம் சார்லஸ் அதை மறுபடி வெளியிட்டார். பத்தாண்டு கழித்து நாடாளுமன்றத்தின் ஆணைப்படி அது பகிரங்கமாக எரிக்கப்பட்டது. பியூரிட்டன்களுக்குச் சில ஆட்டங்கள்மீதே வெறுப்பு இருந்தது உண்மை. என்றாலும் இந்தச் சண்டையின் உயிர்நிலை கிழமைதான். மன்னர் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்க 232 ஆண்டுகள் பிடித்தன. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்கள், இளையோர் வேலையைச் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு நிறுத்தியது. ஆண்களுக்கும் அந்த அரைநாள் படிப்படியாக வாய்த்தது. சனி மாலைக் கால்பந்து அந்த அரைநாளில் வளர்ந்த பயிர். ஞாயிறு கடவுளுக்கு என்று மூடியிருந்ததால்தான் சனி பந்துக்குத் திறந்தது. அந்த மூடலும் நெடுங்காலம் நீடித்தது: இங்கிலாந்துக் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பை ஆட்டங்கள் முதன்முதலில் ஞாயிறன்று நடந்தது 1974 ஜனவரியில்தான், அதுவும் மின் நெருக்கடியின் தயவில். விம்பிள்டன் ஆடவர் இறுதியாட்டம் ஞாயிறுக்கு மாறியது 1982இல். எனவே ‘பொதுவான அட்டவணை’ என்று சங்கங்கள் கைகாட்டும் பொருள், ஒரு சமயத்தின் ஓய்வுநாளைச் சுற்றிக் கட்டப்பட்ட வீடு. அதில் குடியிருப்பவருக்கு அதன் சுவர்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

கண்டிப்பான சமூகம் என்றாலே ஆட்டத்துக்குப் பகை என்ற எண்ணமும் சான்றுகளுக்கு முன் நிற்பதில்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால் ஓட மறுத்த எரிக் லிடல், சீனாவின் தியென்ட்சினில் ஸ்காட்லாந்து மிஷனரிகளுக்குப் பிறந்தவர். மிஷனரிகளின் மகன்களுக்கென்றே லண்டனில் நடந்த விடுதிப் பள்ளியில் படித்தார். ரக்பி, கிரிக்கெட் இரண்டிலும் அப்பள்ளி அணிகளுக்குத் தலைவராக இருந்தார். அவரை ஞாயிறன்று ஓடாதவராக வளர்த்த அதே மரபுதான் ஓட்டக்காரராகவும் வளர்த்தது. (அவர் கதையைச் சொல்லும் ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தில் அவர் கப்பலேறும்போதுதான் ஞாயிறுச் செய்தியை அறிகிறார்; உண்மையில் பல மாதம் முன்பே தெரிந்து, 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்து, அதில் 47.6 வினாடியில் தங்கம் வென்றார்.) அமெரிக்க மார்மன்களைப் பாருங்கள்: மதுவும் காபியும் விலக்கும் அச்சமூகத்தின் வழிபாட்டு இல்லங்கள் பலவற்றில் கூடைப்பந்துக் கூடம் கட்டடத்தின் பகுதியாகவே இருக்கிறது. ஞாயிறன்று மட்டும் அங்கே பந்து உருளாது. இதற்கு மாறான உதாரணங்களையும் ஒளிக்க வேண்டியதில்லை. மிகக் கண்டிப்பான பிரிவினரான ஹரேதி யூதர்களிடையே விளையாட்டு, வேதமான தோராவின் படிப்பிலிருந்து திருடப்பட்ட நேரமாகக் கருதப்படுகிறது. அங்கே தடை உள்ளிருந்தே வருகிறது. என் வாதம் அங்கே செல்லாது.

உடை விஷயத்தில் கதை இன்னும் வெளிப்படையானது. 2007இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், தலைமறைப்பு அணிந்து கால்பந்தாடிய 11 வயதுச் சிறுமியை நடுவர் வெளியேற்றினார். விவகாரம் உலகக் கால்பந்து விதிகளை வகுக்கும் குழுவரை போயிற்று. குழு நடுவரின் பக்கம் நின்றது. 2011 ஜூனில் அம்மான் நகரில் ஈரான் பெண்கள் அணி ஜோர்டானுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதியாட்டத்தை இதே காரணத்தால் இழந்தது. கழுத்து இறுகும் ஆபத்து என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. 2012இல் சோதனை முறையில் அனுமதி வந்தது. 2014இல் தடையே நீங்கியது. இழுத்தால் கழன்றுவரும் துணி அமைப்பு போதுமானதாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் பெண்களை வெளியே நிறுத்திய சிக்கல் கடைசியில் தையல்காரர் தீர்க்கக்கூடியதாக முடிந்தது. கூடைப்பந்து இன்னும் மெதுவாக நகர்ந்தது. 2014இல் கத்தார் பெண்கள் அணி, தலைமறைப்போடு ஆட விடாததால், இஞ்சியோன் ஆசிய விளையாட்டிலிருந்து விலகியது. அதே ஆண்டு சீனாவின் வூஹானில் இந்திய அணியின் சீக்கிய வீரர்கள் தலைப்பாகையைக் கழற்றிய பிறகே ஆட விடப்பட்டார்கள். அந்த விதி மாறியது 2017இல்.

ஒருவருக்கு வளைந்தால் எல்லோருக்கும் வளைய வேண்டும், பிறகு போட்டியே நடக்காது என்பது எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபம். வெற்றுப் பேச்சாக இதைத் தள்ள முடியாது: அரங்க வாடகை, நடுவர், எதிரணியின் பயணம் எல்லாம் செலவு. ஆனால் செலவை அளந்து பார்க்க வழி உண்டு. மார்மன் சபையின் பிரிகம் யங் பல்கலைக்கழகம் ஞாயிறு ஆடாது. நூற்றுக்கணக்கான கல்லூரிகளை ஆளும் அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அதற்கென விதியில் இடம் வைத்திருக்கிறது. 2003இல் தேர்வுக்குழு கவனக்குறைவாக, முன்னேறினால் ஞாயிறு ஆட வேண்டிய பிரிவில் அந்த அணியைப் போட்டுவிட்டு, தேவைப்பட்டால் இடம் மாற்றுவதாகச் சொன்னது. அணி முதல் சுற்றிலேயே தோற்றதால் அதற்கும் வேலை வரவில்லை. வானம் இடிந்து விழவில்லை. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் அட்வென்டிஸ்ட் பள்ளி மாணவர்களின் வழக்கில் ஒரிகன் மாநில உச்ச நீதிமன்றம் 2008இல் நிறுத்திய அளவுகோலும் இதுவே: மாற்றிக்கொடுப்பது நடத்துபவருக்குத் தாங்க முடியாத சிரமமா என்று பார்க்க வேண்டும். விதி எல்லோருக்கும் ஒன்று என்று சொல்வதோடு கடமை தீர்ந்துவிடாது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. பிள்ளை அந்தச் சமூகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதன் விதிக்கு நாம் வளைந்தால், பிள்ளைமீது சமூகம் வைத்திருக்கும் பிடியை இறுக்குகிறோம், அதுவும் பெண்பிள்ளை என்றால் இரட்டிப்பாக. ஈரானில் தலைமறைப்பு அரசின் கட்டாயம் என்பதை மறந்து அனுமதியைக் கொண்டாடலாமா? நியாயமான கேள்வி. ஆனால் அம்மானில் விதித்த தடை டெஹ்ரான் அரசை ஓர் அங்குலமும் நகர்த்தவில்லை. வீட்டுக்குப் போனவர்கள் வீராங்கனைகள்தாம். பிடி தளர வேண்டுமானால் பிள்ளைக்குக் களம் வேண்டும். அங்கேதான் அது வேறு வீட்டுப் பிள்ளைகளோடு பழகித் தன் விதியைத் தானே எடைபோடக் கற்கிறது. 2021இல் அமெரிக்கப் பேஸ்பால் அணிகள் சபாத் அனுசரிக்கும் இரண்டு யூத இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தன. ஜேக்கப் ஸ்டைன்மெட்ஸ் சபாத்திலும் ஆடுவார்; ஆனால் வாகனம் ஏறாமல் மைதானத்துக்கு நடந்தே போவார். எலி கிளிக்மன் சபாத்தில் ஆடவே மாட்டேன் என்றார். ஒரே மரபு, ஒரே ஆண்டு, இரண்டு முடிவுகள். ஆடும் வாய்ப்பே இல்லாதிருந்தால் இருவருக்கும் முடிவெடுக்க எதுவும் இருந்திருக்காது. இந்த நியாயத்துக்கும் எல்லை உண்டு: 2021க்குப் பிந்தைய ஆப்கானிஸ்தானைப் போலப் பெண்கள் ஆடுவதே தடை என்ற இடத்தில் எந்த அட்டவணையும் உதவாது, அங்கே வளைந்துகொடுத்தல் என்ற சொல்லுக்கே பொருள் இல்லை.

பிள்ளையின் முடிவு ஒருமுறை எடுத்ததோடு உறைந்துபோவதும் இல்லை என்பதற்கு லிடலின் பிற்கால வாழ்க்கையே சான்று. சீனாவுக்கு மிஷனரியாகத் திரும்பிய அவரை ஜப்பானியர் 1943இல் வெய்ஷியென் முகாமில் அடைத்தார்கள். முகாமின் சிறுவர் சிறுமியர் ஞாயிறன்று ஹாக்கி ஆட விரும்பினார்கள். பார்த்துக்கொள்ளப் பெரியவர் இல்லாமல் ஆட்டம் அடிதடியில் முடிந்தது. ஒலிம்பிக்கிலும் ஞாயிறன்று ஓடாத மனிதர், அவர்களுக்காக ஞாயிறன்று நடுவராக நின்றார். 1945 பிப்ரவரியில், 43ஆம் வயதில், அந்த முகாமிலேயே இறந்தார்.