அமெரிக்க அரசியல் சாசனமும் சில பழைய பேரேடுகளும்

அமெரிக்க அரசாங்கத்தைப் பற்றிய பாடப்புத்தகம் எதை எடுத்தாலும் ஆரம்பம் அநேகமாக ஒன்றுதான். 1787, ஃபிலடெல்ஃபியா நகரம். 55 பிரதிநிதிகள் கலந்துகொண்டார்கள், நான்கு மாதம் விவாதித்தார்கள், கடைசியில் 39 பேர் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு அதிகாரப் பிரிவினை, கூட்டாட்சி, உச்சநீதிமன்றம் என்று பாடம் போய்க்கொண்டே இருக்கும்.

அந்த 55 பேரிடம் எவ்வளவு சொத்து இருந்தது என்று யாராவது கேட்டார்களா? ஒருவர் கேட்டார். அவர் பெயர் சார்லஸ் பியர்ட். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்பித்தவர். 1910-ல் அவர் எழுதிய 'அமெரிக்கன் கவர்ன்மென்ட் அண்ட் பாலிடிக்ஸ்' பல ஆண்டுகள் கல்லூரிகளில் பாடப்புத்தகமாக இருந்தது. ஆனால் அவரை நாடு முழுக்கப் பேச வைத்தது 1913-ல் வந்த இன்னொரு புத்தகம். அரசியல் சாசனத்துக்கு ஒரு பொருளாதார விளக்கம் என்பதே அதன் தலைப்பு.

முதலில் பின்னணி. சுதந்திரப் போர் நடந்தபோது அரசிடம் காசு இல்லை. படைவீரர்களுக்கும் சரக்கு கொடுத்தவர்களுக்கும் பணத்துக்குப் பதில் கடன் பத்திரம் கொடுத்தார்கள். அன்றைய மத்திய காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. வருமானம் இல்லாதவன் எழுதிக்கொடுத்த பத்திரத்துக்கு என்ன மதிப்பு? விலை சரிந்தது. கஷ்டத்தில் இருந்தவர்கள் பலர் வந்த விலைக்கு விற்றார்கள், வசதி உள்ளவர்கள் வாங்கி வைத்தார்கள். புதிய சாசனம் வந்தது, மத்திய அரசுக்கு வரி போடும் அதிகாரம் வந்தது. 1790-ல் அலெக்சாண்டர் ஹாமில்டனின் திட்டப்படி அந்தப் பத்திரங்களுக்கு முகமதிப்பிலேயே அரசு பொறுப்பேற்றது. அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்களுக்குக் கொள்ளை லாபம்.

பியர்ட் செய்த காரியம் எங்களைப் போன்ற பி.காம். ஆட்களுக்கு உடனே புரியும். அவர் நேராக வாஷிங்டனில் கருவூலத்தின் பழைய பேரேடுகளைத் தேடிப் போனார். தூசியை எடுக்க வாக்யூம் கிளீனர் கொண்டுவந்த பிறகுதான் சில ஏடுகளைப் பார்க்கவே முடிந்ததாம். 55 பேரில் 40 பேரின் பெயர்கள் அந்தக் கடன் கணக்கில் இருந்தன. சிலருக்குச் சில டாலர், சிலருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல்.

இதிலிருந்து அவர் சொன்ன முடிவு இதுதான்: பத்திரம், வட்டி, வியாபாரம், கப்பல் என்று பணம் போட்டிருந்தவர்களுக்கு வலுவான மத்திய அரசு தேவைப்பட்டது. கடன்பட்ட சிறு விவசாயிகளுக்கு அது தேவைப்படவில்லை. சாசனம் இந்த மோதலில் பிறந்தது. மாநிலங்கள் காகிதப் பணம் அடிக்கக் கூடாது, ஒப்பந்தங்களைக் குலைக்கக் கூடாது என்ற விதிகளைப் படித்தால் இது சும்மா சொன்னதல்ல என்று தெரியும். இரண்டுமே கடன் கொடுத்தவனைக் காப்பாற்றும் விதிகள்.

ஸ்தாபகர்களைத் தெய்வமாக நினைத்தவர்களுக்குக் கோபம் வந்தது. பின்னாளில் ஜனாதிபதியான வாரன் ஹார்டிங்கின் பத்திரிகையே பியர்டைக் கடுமையாகத் தாக்கியது. அந்த 55 பேரும் சொந்த லாபத்துக்காகவே இதைச் செய்தார்கள் என்று அவர் எழுதவில்லை. அதைக் கவனித்தவர்கள் குறைவு.

ஆனால் ஆடிட்டர் கண்ணோடு பார்த்தால் பியர்டின் கணக்கிலும் ஓட்டை உண்டு. முக்கியமானது தேதி. அவர் நம்பிய பேரேடுகளில் பெரும்பகுதி 1790-க்குப் பிந்தையவை. 1787-ல் அந்த மனிதர் கையில் பத்திரம் இருந்ததா, பிறகு வாங்கினாரா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வேறு தேதியின் இருப்பைக் கொண்டுவந்து இந்த ஆண்டின் ஐந்தொகையில் எழுதுவது மாதிரி. 1956-ல் ராபர்ட் பிரவுனும் 1958-ல் ஃபாரஸ்ட் மெக்டொனால்டும் இந்த வாதத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டார்கள். பத்திரம் நிறைய வைத்திருந்த எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்துப் போட மறுத்தவர். சாசனத்தின் முக்கியச் சிற்பியான மேடிசனிடம் பத்திரம் இருந்ததாகப் பியர்டின் பட்டியலிலேயே இல்லை!

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு விடுபாடு. அந்த 55 பேரில் ஏறக்குறைய 25 பேர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். மனிதர்களையே சொத்தாகக் கணக்கில் எழுதிய காலம் அது. சொத்தைத் தேடிப் போன பியர்ட் அதற்குப் பெரிய இடம் கொடுக்கவில்லை.

அப்படியானால் புத்தகம் வீணா? இல்லை என்பதே என் கருத்து. 2003-ல் ராபர்ட் மெக்குவையர் என்ற பொருளாதார அறிஞர் பிரதிநிதிகளின் வாக்குகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, பொருளாதார நலன்கள் வாக்கைப் பாதிக்கத்தான் செய்தன என்று எழுதினார். விடை மாறிக்கொண்டே இருக்கிறது, கேள்வி மட்டும் பியர்டுடையது. சட்டம் எழுதுபவரின் கணக்கையும் பார் என்று அரசியல் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

அந்த மனிதருக்கே ஒரு சோதனையும் வந்தது. 1917-ல் முதல் உலகப் போரை எதிர்த்ததற்காகச் சக ஆசிரியர்கள் இருவரைக் கொலம்பியா நிர்வாகம் நீக்கியது. பியர்ட் போரை ஆதரித்தவர். பேசாமல் இருந்திருந்தால் வேலையும் சம்பளமும் பத்திரம். ஆனாலும் கருத்துக்காக ஒருவரை நீக்குவதை ஏற்க முடியாது என்று ராஜினாமா செய்துவிட்டார்.

எல்லா முடிவுக்கும் பின்னால் பணம் இருக்கும் என்பவர்கள் இந்த வரவு செலவையும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?