பெயரின் முன்னொட்டாக இருந்த பட்டம்: கலைக்களஞ்சியப் பதிவில் விருதுகளின் இடம்

ஒருவரைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையில் அவர் பெற்ற எந்த விருதைச் சேர்ப்பது, எதை விடுவது? விருதின் மதிப்பை வைத்தே பெரும்பாலும் முடிவு செய்கிறோம். இது போதாது என்பதைச் சென்னை மாகாணத்துப் பட்டங்களின் வரலாறே காட்டுகிறது.

ஆங்கிலேய ஆட்சியில் ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் படிப்படியாக உயர்ந்தன. முஸ்லிம்களுக்குக் கான் சாகிப், கான் பகதூர். இவை பெயரோடு ஒட்டிக்கொண்டன. ‘ராவ்பகதூர்’ இல்லாமல் தமிழறிஞர் சி. வை. தாமோதரம்பிள்ளையின் பெயரை எழுதத் தயங்கியவர்கள் உண்டு. நீண்டகாலம் பணியாற்றிய அதிகாரிகள் பலருக்கும் இதே பட்டம் கிடைத்தது. அவர்களைப் பொறுத்தவரை அது உத்தியோகப் படிக்கட்டில் ஒரு படி. வேறு செய்தி அதில் இல்லை.

இரட்டைமலை சீனிவாசன் விஷயம் அப்படியன்று. 1926இல் ராவ் சாகிப், 1930இல் ராவ் பகதூர், 1936இல் திவான் பகதூர். வட்டமேசை மாநாடுகளும் 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தமும் இந்தப் பத்தாண்டுக்குள் அடங்குகின்றன. ஒடுக்கப்பட்டோரின் தலைவர் ஒருவரை அரசு எப்போது, எவ்வளவு ஏற்றுக்கொண்டது என்பதை இம்மூன்று ஆண்டுகளும் சொல்கின்றன. ஆகவே மூன்றும் ஆண்டுடன் இடம்பெற வேண்டும்.

துறந்த பட்டத்துக்கு இன்னும் கூடுதல் இடம் உண்டு. சென்னை உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர் 1917இல் இந்தியத் தன்னாட்சிக்கு ஆதரவு கேட்டு அமெரிக்க அதிபர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். ஆட்சியாளர்கள் கண்டித்தார்கள். 1918இல் ‘சர்’, ‘திவான் பகதூர்’ இரண்டையும் அவர் துறந்தார். தாகூர் ‘சர்’ பட்டத்தைத் துறந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். ஐயரைப் பற்றிய பதிவில் பட்டம் பெற்றதை மட்டும் எழுதிவிட்டுத் துறந்ததை விட்டால், அது பிழையான பதிவு.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 18ஆவது பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் நீங்கலாக, அரசு பட்டம் வழங்குவதைத் தடை செய்தது. 1954இல் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் தோன்றியதும், இவையும் பட்டங்கள்தாமே என்ற ஐயம் எழுந்தது. ஜனதா அரசு 1977இல் இவற்றை நிறுத்தியது. 1980இல் மீண்டும் வந்தன. பின்னர் இவற்றை எதிர்த்து வழக்கு வந்ததால், 1993 முதல் 1997 வரை பத்ம விருதுகள் வழங்கப்படவில்லை. இவை பட்டங்கள் அல்ல, ஆனால் பெயருக்கு முன்னோ பின்னோ போடக்கூடாது என்று 1995 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. (நம் அழைப்பிதழ்களுக்கு இது இன்னும் எட்டவில்லை.) இந்த இடைவெளிகளில் ஒருவருக்கு விருது இல்லை என்பதைத் தகுதிக் குறைவாகக் கொள்ள முடியாது.

வழங்கியவர், ஆண்டு, காரணம் மூன்றும் தெரியாத பட்டங்கள் சுவரொட்டிக்குப் போதும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. உ. வே. சாமிநாதையருக்கு 1906இல் அரசு தந்தது மகாமகோபாத்தியாயப் பட்டம். மக்கள் அவரை அழைத்தது தமிழ்த் தாத்தா என்று. அழைக்கும் பெயராகவே நிலைத்துவிட்டதை எந்தப் பதிப்பாசிரியரும் நீக்க முடியாது.

தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி, பத்ம விருதுகள் பிறந்த அதே 1954இல் வந்தது. பத்தாவது தொகுதி வெளியான 1968இல், அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரனுக்குப் பத்மபூஷண் கிடைத்தது.